சூடு கண்ட பூனையும் ஆறிய அடுப்பும்

உறையூரில் எங்கள் தெரு பெரிய ரோட்டில் போய்ச் சேரும் முனையில் ஒரு பெட்டிக்கடை இருக்கிறது. அந்தத் திருப்பத்தில்தான் நான்கு வருடத்துக்கு முன்னால் ஸ்கூட்டியோடு விழுந்தேன். பக்கத்தில் வீடு கட்டுவதற்காகக் கொட்டியிருந்த மணல் ரோடு வரைக்கும் பரவிக் கிடந்தது. வண்டியைத் திருப்பினேன், ஒரு நாய் குறுக்கே வந்தது, பிரேக் பிடித்தேன், அடுத்த நொடி தரையில் கிடந்தேன். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

கட்டுப் பிரித்த பிறகு கை சரியாகிவிட்டது. வண்டி ஓட்டலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் அதற்கப்புறம் எட்டு மாதம் நான் அந்த வண்டியைத் தொடவே இல்லை. யாராவது கேட்டால், பெட்ரோல் விற்கிற விலைக்கு டவுன் பஸ்ஸே போதும் என்பேன். வெயில் காலத்தில் வெயிலைச் சொல்வேன், மழைக் காலத்தில் மழையைச் சொல்வேன். அத்தனையும் நியாயமான காரணங்கள் போலவே இருந்ததால், நான் பயந்துபோயிருக்கிறேன் என்பது எனக்கே தெரியவில்லை. ஒருநாள் மகள் கேட்டாள்: "ஏம்மா, நம்ம வண்டி ரிப்பேரா?"

வண்டிக்கு ஒரு குறையும் இல்லை.

விழுவது எல்லோருக்கும் நடக்கிறது. வண்டியிலிருந்து விழுவோம், பரீட்சையில் விழுவோம், தொழிலில் விழுவோம். அதற்குப் பிறகு வருகிற அந்த எட்டு மாதம் ஏன் வருகிறது, அதிலிருந்து வெளியே வர என்ன வழி, அப்படி வெளியே வரும்போது புதிதாக என்ன கிடைக்கிறது என்று, இதைப் பற்றி முதல்முறையாகப் படிப்பவர்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பயம் எப்படி வேலை செய்கிறது

பயம் கெட்டது இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். மூளையின் உட்பகுதியில் இரண்டு பக்கமும் பாதாம் பருப்புப் போன்ற வடிவத்தில் அமிக்டலா என்று ஒரு பகுதி இருக்கிறது. அமிக்டலா என்ற கிரேக்கச் சொல்லுக்கே பாதாம் என்றுதான் பொருள். ஆபத்து என்று பட்டதும் உடம்பை உஷார்ப்படுத்துவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. நாம் யோசித்து முடிப்பதற்கு முன்பே இது வேலையைத் தொடங்கிவிடும். இருட்டில் கிடக்கும் கயிற்றைப் பார்த்துத் துள்ளிய பிறகுதான், அது பாம்பில்லை என்று நமக்குத் தெரிகிறது. கயிற்றுக்கு நூறு தடவை துள்ளினால் நஷ்டம் ஒன்றுமில்லை. பாம்புக்கு ஒரு தடவை துள்ளாமல் விட்டால் போச்சு. அந்தக் கணக்கில்தான் உடம்பு இப்படி அமைந்திருக்கிறது.

அந்த நேரத்தில் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. ஓடுவதற்கு வசதியாகக் கை கால் தசைகளுக்கு ரத்தம் கூடுதலாகப் போகிறது, செரிமான வேலை அப்போதைக்கு ஒத்திவைக்கப்படுகிறது, எச்சில் வற்றுகிறது. கை கால் உதறுது, வயிற்றைக் கலக்குது, நாக்கு மேலே ஒட்டிக்கிச்சு என்று நாம் சொல்வதெல்லாம் இதைத்தான். உடம்பு தன் கடமையைச் செய்கிறது. அதில் கோழைத்தனம் எதுவும் இல்லை.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், பட்டதை உடம்பு மிகவும் அகலமாகக் குறித்துவைத்துக்கொள்கிறது. நான் விழுந்ததற்குக் காரணம் ஒரு திருப்பம், கொஞ்சம் மணல், ஒரு நாய். என் உடம்பு குறித்துவைத்ததோ வேறு. ஸ்கூட்டி, ஹெல்மெட்டின் உள்வாசனை, பெட்ரோல் நெடி, அந்தப் பெட்டிக்கடை, அங்கே தொங்கும் வாழைத்தார் வரைக்கும். நடந்து போகும்போதுகூட அந்த முனையில் நெஞ்சு படபடக்கும்.

சூடு கண்ட பூனை அடுப்பண்டை போகாது என்பார்கள். அது அடுப்பு எரியும்போது சரிதான். ஆனால் விறகடுப்பு இருந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், சமையல் முடிந்து ஆறிய அடுப்பைவிடப் பூனைக்குச் சுகமான படுக்கை வீட்டில் வேறு கிடையாது. வெதுவெதுவென்று சாம்பல் இருக்கும். சூடு கண்ட பூனை அந்த இடத்தையும் சேர்த்தே விட்டுவிடுகிறது. அடுப்பு ஆறிவிட்டதா என்று தெரிந்துகொள்ள அது கிட்டேயே போவதில்லை, அதனால் அதற்குத் தெரிய வழியும் இல்லை.

இதற்கு உளவியலில் தவிர்த்தல் என்று பெயர். தவிர்ப்பது ஏன் இவ்வளவு பிடிவாதமாக ஒட்டிக்கொள்கிறது என்பதை மட்டும் புரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி. நான் சாவியை எடுக்கப் போய், வேண்டாம், இன்றைக்கு பஸ்ஸில் போகலாம் என்று முடிவுசெய்த அந்த நொடியில், நெஞ்சின் பாரம் சட்டென்று இறங்கும். அப்பாடா என்று இருக்கும். அந்த அப்பாடாதான் கூலி. ஒவ்வொரு முறை விலகும்போதும் கை மேல் கூலி கிடைக்கிறது; அதனால் அடுத்த முறையும் விலகத் தோன்றுகிறது. கூடவே இன்னொன்றும் நடக்கிறது. நான் போகாததால்தான் விழவில்லை என்று மூளை கணக்கு எழுதிக்கொள்கிறது. அந்தக் கணக்கு தவறென்று காட்ட ஒரு சந்தர்ப்பமும் வராது. எட்டு மாதம் என்பது எட்டு வருடம் ஆவது இப்படித்தான். மேடையில் ஒருமுறை வார்த்தை வராமல் நின்றவர் அப்புறம் கல்யாண வீட்டில்கூட மைக்கைத் தொடுவதில்லை. ஆங்கிலத்தில் ஒருமுறை தடுமாறியவர் ஆபீசில் போன் அடித்தால் பாத்ரூமுக்குப் போய்விடுகிறார்.

முயலுக்குப் பயந்த பையன்

இதிலிருந்து வெளியே வரும் வழி நூறு வருடத்துக்கு முன்பே ஒரு சின்னப் பையனிடம் செய்து பார்க்கப்பட்டது. 1924-ல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் பீட்டர் என்ற குழந்தையைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். முதலில் பார்த்தபோது பையனுக்கு மூன்று வயதுகூட நிறையவில்லை. முயலைக் கண்டால் அலறுவான். வெள்ளெலி, ரோமக் கோட்டு, இறகு, பஞ்சு எல்லாவற்றுக்கும் பயம்.

ஜோன்ஸ் அவனைப் பிடித்து முயல் பக்கத்தில் தள்ளவில்லை. பயப்படாத வேறு சில குழந்தைகளோடு அவனை விளையாட விட்டார். அந்த அறையில் முயலும் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பீட்டர் தேறி வந்தான். நடுவில் அவனுக்கு ஸ்கார்லெட் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாயிற்று. அங்கிருந்து கிளம்பும்போது ஒரு பெரிய நாய் அவன்மேலும் நர்ஸ்மேலும் பாய்ந்தது. இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது முயல் பயம் பழையபடி முழுசாக வந்துவிட்டிருந்தது.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடமே இதுதான். பட்ட பாடெல்லாம் வீண் என்று நாமாக இருந்தால் விட்டிருப்போம். ஜோன்ஸ் மறுபடியும் ஆரம்பித்தார். இந்தத் தடவை பையனை நாற்காலியில் உட்காரவைத்து, அவனுக்குப் பிடித்ததைச் சாப்பிடக் கொடுத்து, முயலைக் கூண்டோடு தூரத்தில் வைத்தார். அவன் சாப்பிடுவது தடைபடாத அளவுக்கு மட்டும் கிட்டே நகர்த்தினார். பன்னிரண்டு அடி தூரத்தில் கூண்டில் இருந்தால் பரவாயில்லை என்று ஒரு கட்டம். பிறகு நான்கு அடி, மூன்று அடி. பிறகு கூண்டுக்கு வெளியே அறையில் திரியும் முயல். கடைசியில் தன் விரலை முயல் கொறிக்கும்படி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான் பீட்டர். பஞ்சு, இறகு, ரோமக் கோட்டு மேல் இருந்த பயங்களும் தனியாகப் பாடுபடாமலே போயிருந்தன.

பின்னாளில் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப் இதையே பெரியவர்களுக்கான ஒரு முறையாக வளர்த்தெடுத்தார். 1958-ல் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். பயத்தைப் பல படிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை மதிப்பெண் போட்டு, கீழ்ப்படியிலிருந்து ஏறுவது. இப்போது எக்ஸ்போஷர் என்று மனநல மருத்துவர்கள் சொல்லும் சிகிச்சைக்கு இவையெல்லாம்தான் வேர். தமிழில் படிப்படியாக நெருங்குதல் என்று சொல்லலாம். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்ற நம் வீட்டுப் பேச்சுக்குள் இது முன்பே இருக்கிறது.

என் ஏணி

மகள் கேட்ட அன்று ராத்திரி, பால் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் என் ஏணியை எழுதினேன். வண்டியின் கவரைக் கழற்றித் துடைப்பதற்கு 15 போட்டேன். ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்வதற்கு 30. காலை ஐந்தரை மணிக்கு, ஆள் நடமாட்டம் இல்லாத எங்கள் தெருவுக்குள் மட்டும் ஓட்டுவதற்கு 45. தம்பியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு பெட்டிக்கடை வரை போவதற்கு 60. அந்தத் திருப்பத்தில் தனியாகத் திரும்புவதற்கு 85. சாயங்காலம் ஆறு மணிக்குப் பெரிய ரோட்டு நெரிசலில் போவதற்கு 100.

துடைப்பதற்குப் போய் 15 மதிப்பெண்ணா என்று தோன்றலாம். கவரை எடுத்ததும் இடது பக்கம் நீளமாக ஒரு கீறல் தெரிந்தது. கால் வைக்கும் இடத்தில் விரித்திருந்த ரப்பர் மேட்டைத் தூக்கினேன். அதற்கடியில் அன்றைய மணல் கொஞ்சம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளங்கை வியர்த்து, பிடித்திருந்த துணி நனைந்துவிட்டது. உள்ளே போய்விடலாமா என்று இருந்தது. போகவில்லை. அப்படியே குத்தவைத்து உட்கார்ந்து, மணலைச் சுரண்டி எடுத்தேன். ஒரு பத்து நிமிடம் இருக்கும். படபடப்பு உச்சிக்குப் போய், அங்கேயே கொஞ்ச நேரம் நின்று, அப்புறம் தானாக வடிந்தது.

இந்த முறையில் கவனிக்க வேண்டிய இடம் இது. பயம் உச்சத்தில் இருக்கும்போது எழுந்து ஓடினால், பழைய கூலியே மறுபடி கிடைத்துவிடும். கொஞ்ச நேரம் தாங்கி உட்கார்ந்திருந்தால், ஓடாமலே பயம் இறங்கும் என்பதை உடம்பு முதல்முறையாகக் கற்றுக்கொள்கிறது. வாயால் ஆயிரம் சொன்னாலும் உடம்புக்கு அது ஏறாது. பட்டுத்தான் தெரிந்துகொள்ளும்.

ஒவ்வொரு படிக்கும் முன்னால், என்ன ஆகும் என்று நான் நினைக்கிறேனோ அதையும் எழுதிவைத்துக்கொண்டேன். ஸ்டார்ட் செய்யும் படிக்கு முன்பு நான் எழுதியது: வண்டி தானாகப் பாய்ந்து சுவரில் மோதும். செய்து முடித்த பிறகு பக்கத்தில் எழுதியது: பாயவில்லை. பேட்டரி இறங்கியிருந்ததால் ஸ்டார்ட்டே ஆகவில்லை, கிக்கரை ஏழெட்டுத் தடவை மிதித்தேன். எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியைக் கண்ணால் பார்ப்பது மிகப் பெரிய உதவி. எதிர்பார்ப்பு எவ்வளவுக்கெவ்வளவு பொய்க்கிறதோ, அவ்வளவுக்கவ்வளவு பாடம் ஆழமாகப் பதியும்.

தெருவுக்குள் ஓட்டிய நாட்களில் இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டே ஓட்டினேன். ஓட்டுகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். தம்பி பார்த்துவிட்டு, "அக்கா, காலைத் தூக்கு. இப்படி நூறு நாள் ஓட்டினாலும் கால் இருக்கறதாலதான் விழலைன்னு நெனப்ப" என்றான். அவன் உளவியல் படித்தவன் இல்லை, லாரிக்கு லோடு ஏற்றும் கடையில் கணக்கு எழுதுகிறான். ஆனால் அவன் சொன்னது மிகச் சரி. மேடையில் பேசும்போது எழுதிய தாளை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருப்பது, கூட்டத்துக்குத் தோழி வந்தால்தான் நானும் வருவேன் என்பது, இதெல்லாம் காலைத் தேய்ப்பதுதான். ஆரம்பத்தில் இருக்கட்டும். ஆனால் ஏதாவது ஒரு படியில் காலைத் தூக்கியாக வேண்டும். ஹெல்மெட் அந்தக் கணக்கில் வராது. அது பயத்துக்காகப் போடுவது இல்லை, தலைக்காகப் போடுவது.

பீட்டருக்கு நேர்ந்தது எனக்கும் நேர்ந்தது. திருப்பத்தில் நான்கு நாள் தனியாகத் திரும்பிவிட்டு, ஐந்தாம் நாள் மழையில் ஒரு பஸ் உரசினாற்போல் போனதில் பயம் முழுசாகத் திரும்பி வந்தது. இதற்கும் காரணம் உண்டு. புதிதாகக் கற்றது பழைய பயத்தை அழிப்பதில்லை. அதன் பக்கத்திலேயே உட்காருகிறது. ஓசை கேட்டதும் எச்சில் ஊறும்படி நாய்களைப் பழக்கிய ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ், மறைந்துபோன அந்தப் பழக்கம் சிறிது இடைவெளிக்குப் பிறகு தானாகத் தலைதூக்குவதைக் கவனித்திருக்கிறார். ஆகவே பயம் திரும்பி வந்தால் நீங்கள் தோற்றுவிட்டதாக அர்த்தம் இல்லை. இரண்டு படி இறங்கி மறுபடி ஏறினால் போதும், இரண்டாம் தடவை சீக்கிரம் ஏறிவிடலாம். ஒரே இடத்தில் பழகாமல் வேறு வேறு தெரு, வேறு வேறு நேரம் என்று பழகினால் புதிய பாடம் உறுதிப்படும்.

கிட்டே போனால்தான் கிடைக்கும் சேதி

இதுவரை சொன்னது பயத்தைக் குறைக்கும் வழி. அது மட்டும்தான் என்றால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

பெட்டிக்கடை வரை தம்பி பின்னால் உட்கார்ந்து வந்த இரண்டாவது நாள், அவன் சும்மா சொல்கிற மாதிரி சொன்னான்: "நீ எப்பவுமே வலது கை பிரேக்கை மட்டும்தான் பிடிக்கிறக்கா."

என் வண்டி பழையது. வலது கை முன் சக்கரத்துக்கு, இடது கை பின் சக்கரத்துக்கு. வண்டி திரும்பிக்கொண்டிருக்கும்போது, கீழே மணல் இருக்கும்போது, முன் சக்கரத்தை மட்டும் இறுக்கினால் அது பிடிமானம் இழந்து வழுக்கும். முன் சக்கரம் வழுக்கினால் சமாளிப்பது ரொம்பக் கஷ்டம். ஒன்பது வருடமாக நான் அப்படித்தான் பிரேக் பிடித்து வந்திருக்கிறேன். மணல் இல்லாத ரோடுகள் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தன. விழுந்ததற்கு நாயையும் மணலையும் குறைசொன்னேனே தவிர, என் கை என்ன செய்தது என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டுமானால் அந்தத் திருப்பத்தை மனதில் கொண்டுவர வேண்டும். அதைத்தான் எட்டு மாதமாக நான் தவிர்த்துக்கொண்டிருந்தேனே.

பயமும் தோல்வியும் நம்மிடம் ஏதோ ஒரு சேதியை வைத்துக்கொண்டு நிற்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் சேதி தெரியாது, பூச்சாண்டிதான் தெரியும். பின்னடைவை வாய்ப்பாக மாற்று என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்படி என்று கேட்டால் எனக்குத் தெரிந்த ஒரே பதில் இதுதான்: கிட்டே போய், என்ன நடந்தது என்று துண்டுதுண்டாகப் பார்க்க வேண்டும்.

எதிர்வீட்டுப் பையன் ஒருவன் பிளஸ் டூவில் இயற்பியலில் தோற்றான். மூன்று நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. எனக்கு மூளை இல்லை, நான் உருப்பட மாட்டேன் என்பது மட்டும்தான் அவன் பேச்சு. பையனின் அத்தை ஒருத்தி பள்ளி ஆசிரியை. விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கச் சொன்னாள். தமிழ்நாட்டில் அந்த வசதி இருக்கிறது. நகலைப் பார்த்துவிட்டு மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்கலாம். பையனுக்கு அதை வாங்கிப் பார்க்கவே பிடிக்கவில்லை. தன் தோல்வியைத் தாளில் வரிவரியாகப் பார்ப்பதற்கு யாருக்குத்தான் பிடிக்கும்?

நகல் வந்தது. 70 மதிப்பெண் எழுத்துத் தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்விகள் 15. அதில் ஆறை அவன் தொடவே இல்லை. பெரிய கேள்விகளை முதலில் எழுதப் போய், ஒரே ஒரு சமன்பாட்டு வருவித்தலை (டெரிவேஷன்) இரண்டரைப் பக்கம் எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருந்தான். கடைசியில் நேரம் போதவில்லை. நான் உருப்பட மாட்டேன் என்பதற்கு யாராலும் மருந்து கொடுக்க முடியாது. ஒரு மதிப்பெண் கேள்விகளைக் கடைசியில் வைத்தேன், ஆறு விட்டுப்போச்சு என்பதற்கு மருந்து உண்டு, அதுவும் சுலபமான மருந்து. அந்த வருடமே நடந்த துணைத்தேர்வில் அவன் முதல் இருபது நிமிடத்தில் அந்தப் பதினைந்தையும் முடித்துவிட்டுத்தான் மற்றதைத் தொட்டான். தேறிவிட்டான். இப்போது டிப்ளமோ படிக்கிறான்.

இதையே பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் சந்திரயான் இருக்கிறது. 2019 ஜூலை 22-ல் கிளம்பிய சந்திரயான்-2-இன் தரையிறங்கும் கலமான விக்ரம் லேண்டர், செப்டம்பர் 7 அதிகாலையில், நிலவின் தரைக்கு மேலே சுமார் 2.1 கிலோமீட்டர் உயரம் வரை சரியாக வந்தது. அப்புறம் தொடர்பு அறுந்தது. அந்த ராத்திரி தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த அமைதி மறக்காது.

என்ன நடந்தது என்று இஸ்ரோ கிட்டே போய்ப் பார்த்தது. வேகத்தைக் குறைக்க வேண்டிய ஐந்து எஞ்சின்களும் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாக உந்தியிருந்தன. அதனால் சேர்ந்த சின்னச் சின்னப் பிழைகளைச் சரிசெய்யக் கலம் சட்டென்று திரும்ப வேண்டியிருந்தது. அவ்வளவு வேகமாகத் திரும்ப அதற்கு அனுமதி இல்லை. இறங்குவதற்குக் குறித்திருந்த இடமோ வெறும் 500 மீட்டருக்கு 500 மீட்டர். அதை எட்டிப் பிடிக்கப் போய்க் கலம் வேகத்தைக் கூட்டிக்கொண்டது. இவற்றை இஸ்ரோவின் அப்போதைய தலைவர் சோமநாத் 2023-ல் வெளிப்படையாகவே விளக்கினார்.

அடுத்த கலத்தை எல்லாம் சரியாக நடக்கும் என்று எண்ணி வடிவமைக்கவில்லை, எது எது கெட்டுப்போகலாம் என்று எண்ணி வடிவமைத்தோம் என்று அவர் சொன்னார். அதாவது அவர்கள் தங்கள் பயங்களைப் பட்டியல் போட்டார்கள். எஞ்சின் பிசகினால்? உணரி (சென்சார்) பிசகினால்? வேகம் அதிகமாக இருந்தால்? ஒவ்வொரு கேள்வியும் கலத்தில் ஒரு மாற்றமாக ஆனது. இறங்கும் இடம் 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரிந்தது. நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் இறங்குவதைத் தாங்கிய கால்கள் 3 மீட்டரைத் தாங்கும்படி பலமாயின. எரிபொருள் கூடியது, ஐந்து எஞ்சின் நான்கானது, வேகத்தை அளக்கும் புதிய லேசர் கருவி ஒன்று சேர்ந்தது. தரையிலேயே ஹெலிகாப்டரில் வைத்துப் பறந்து உணரிகளைச் சோதித்தார்கள். விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23 மாலை ஆறு மணி கடந்து சில நிமிடங்களில் நிலவின் தென்துருவப் பக்கத்தில் இறங்கியது.

நமக்குப் பின்னால் அத்தனை விஞ்ஞானிகள் இல்லைதான். ஆனால் அவர்கள் செய்ததில் முதல் வேலை, தோல்வியைச் சின்னச் சின்னதாக உடைத்துப் பார்ப்பது. அதற்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும். தொழில் நொடித்தவர் ராசியில்லை என்று முடித்துக்கொள்ளாமல், எந்த மாதத்தில் கடன் வசூல் நின்றது, எந்தச் சரக்கு தேங்கியது என்று எழுதலாம். நேர்முகத் தேர்வில் தோற்றவர் எந்தக் கேள்வியில் தடுமாறினோம் என்று வீடு வந்ததும் எழுதலாம். மறுநாள் எழுதினால் பாதி மறந்திருக்கும்.

எழுதுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களைத் தங்கள் மனதைப் புண்படுத்திய நிகழ்வுகளைப் பற்றி நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதவைத்தார். எழுதி முடித்த உடனே மனம் பாரமாகத்தான் இருந்தது. ஆனால் நடந்ததையும் பட்ட உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், பிறகு வந்த மாதங்களில் மருத்துவரைத் தேடிப் போனது குறைந்தது. முதல் நாள் எழுதிவிட்டு அழுதால் தப்பாக எதுவும் நடந்துவிடவில்லை.

எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது

இதை நான் அழுத்திச் சொல்ல நினைக்கிறேன். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய், இதிலும் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்று சொல்லக் கூடாது. எல்லாம் நன்மைக்கே என்ற வார்த்தை, சொல்பவருக்குத்தான் ஆறுதல். கேட்பவருக்கு அது இன்னொரு அடி. பெரிய துயரங்களுக்குப் பிறகு சிலர் உறவுகளை இன்னும் ஆழமாக மதிப்பதையும், தங்களுக்குள் புதிய பலத்தைக் காண்பதையும் ரிச்சர்ட் டெடெஸ்கி, லாரன்ஸ் கல்ஹவுன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1990-களில் விரிவாகப் பதிவுசெய்தார்கள். அவர்களே தெளிவாகச் சொன்னது, அந்த வளர்ச்சி துயரத்தோடு கூடவே இருக்கிறது, அதை நீக்கிவிடுவதில்லை என்பது. சிலருக்கு அப்படி எந்த வளர்ச்சியும் வராது. வராததில் அவர்கள் குற்றம் எதுவும் இல்லை.

நிஜமான ஆபத்தை நெருங்கவும் கூடாது. அடிக்கிற கணவனைப் பார்த்துப் பயப்படுபவள் ஏணி போட வேண்டியதில்லை. அங்கே பயம் சரியாகத்தான் வேலை செய்கிறது, வெளியேறத்தான் வழி பார்க்க வேண்டும். அடுப்பு எரிகிறதா ஆறிவிட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். எனக்கு டாக்டர் கை சரியாகிவிட்டது என்று சொன்ன பிறகுதான் இந்தக் கேள்வியே வந்தது.

நடந்தது கண்முன்னே திரும்பத் திரும்ப வந்து தூக்கம் கெட்டால், காரணமே இல்லாமல் மூச்சடைத்து நெஞ்சு படபடத்தால், உயிரோடு இருப்பதே பாரம் என்று தோன்றினால், தனியாக நோட்டில் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். மனநல மருத்துவரிடம் போக வேண்டும். மத்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் எண் 14416. காசு கிடையாது, எந்த நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் சுகாதார உதவி எண்ணான 104-க்கும் அழைக்கலாம். தேர்வு முடிவு வரும் வாரத்தில் இந்த எண்களை வீட்டில் சுவரில் எழுதி ஒட்டிவையுங்கள். பிள்ளை கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

இப்போது நான் கார் ஓட்டப் பழகுகிறேன். ஓட்டுநர் பள்ளியில் நேற்று நான்காவது நாள். மேம்பாலம் ஏறும் இடத்தில் சிக்னலில் நின்றுவிட்டு எடுக்கும்போது வண்டி மூன்று தடவை அணைந்துபோனது. பின்னால் ஹாரன் சத்தம், கை நடுங்கியது. வீட்டுக்கு வந்ததும் அதே பால் கணக்கு நோட்டில் எழுதினேன்: ஏற்றத்தில் கிளட்ச்சைச் சீக்கிரம் விடுகிறேன். நாளைக்குக் காலை ஆறு மணிக்கு, வண்டிகள் இல்லாத நேரத்தில், அந்த ஏற்றத்தில் மட்டும் பத்துத் தடவை நிறுத்தி எடுக்கலாம் என்று மாஸ்டரிடம் கேட்டிருக்கிறேன். சரி என்றிருக்கிறார்.